மூன்று அலை வாங்காத டிராக்டர்

“ஏளா, வயக்காட்டுக்காரனே டிராக்டர வாங்கிப் போட்டுட்டு முழிச்சிட்டு நிக்கான். நீ மீன்காரி மவ. அதுல முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னாவது தெரியுமா உனக்கு?”

பெரியப்பா இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சிலுவை நட்ட குருசடியின் நிழலில் எங்கள் கரையின் சம்மாட்டிமார் எல்லாரும் கூடி நின்றார்கள். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். பெரியப்பா என் அப்பாவின் அண்ணன், சம்மாட்டிமாரில் மூத்தவர். அவர் ஒன்றைச் சொன்னால், சிரிப்பதா வேண்டாமா என்று மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அன்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

“சின்னச் சக்கரம் இருக்க பக்கம் முன்பக்கம் பெரியப்பா,” என்றேன்.

அதற்கும் சிரிப்பு எழுந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “எம் மவ யார்டுல தெனமும் மெஷினோடதான் கெடக்கா. அவ பாத்துச் சொல்லட்டும்ண்ணே,” என்றார்.

அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூட வாசலுக்குப் போனதெல்லாம் டீச்சர்மாருக்கு மீன் விற்க. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் பராமரிப்புப் பிரிவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும், எது நாளைக்கு நிற்கப் போகிறது என்று பார்த்துச் சொல்பவள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் கரை மணப்பாட்டுக்கு வடக்கே இருக்கிறது. படகுத்துறை இல்லை, வெறும் மணல். வரும் வள்ளத்தை உடனே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொஞ்சம் தாமதித்தாலும் அலை அதைப் புரட்டி மணலில் அறைந்துவிடும். முன்பு ஒரு வள்ளம் கரை தட்டினால் தோள் கொடுக்க ஆட்கள் ஓடி வருவார்கள். இப்போது அந்தத் தோள்கள் துபாயிலும் கப்பல்களிலும் இருக்கின்றன. மிஞ்சியிருப்பவர்கள் அப்பா வயதுக்காரர்கள். முந்தின கச்சானில் ஒரு வள்ளம் உடைந்தது. அதன் பிறகு இரண்டு வள்ளங்கள் மீன்பிடித் துறைமுகத்துக்கே போய்விட்டன. அடுத்த கச்சானுக்குள் வழி பிறக்காவிட்டால் தாங்களும் போய்விடுவோம் என்று மற்ற சம்மாட்டிமார் சொல்லிவிட்டார்கள்.

வள்ளம் போனால் ஏலமும் போகும். என் அம்மாவும், அம்மாவின் தங்கையான என் சித்தியும், இன்னும் பல பெண்களும் இந்த மணலில் நடக்கும் ஏலத்தில்தான் மீன் எடுக்கிறார்கள். ஒரு கூடை சாளை, அரைக் கூடை விளைமீன் என்று எடுத்து, நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் பஸ் ஏறுவார்கள். துறைமுகத்து ஏலத்தில் வேன் வைத்திருக்கும் வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே ஒரு கூடைக்காரியின் குரல் யார் காதிலும் விழாது. நான் படித்தது அந்தக் கூடையால்தான். டிராக்டர் என்ற பேச்சை முதலில் எடுத்தவளும் நான்தான்.

டிராக்டர் வாங்குவதென்றால் பலரும் முதலில் கம்பெனியைக் கேட்பார்கள், அடுத்து குதிரைத்திறனைக் கேட்பார்கள். நான் முதலில் போய்ப் பார்த்தது செத்துக் கிடந்த ஒரு டிராக்டரை.

எங்களுக்குத் தெற்கே இன்னொரு கரையில் அதற்கு முன்பே ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார்கள். புதியதாக இறக்கி, இரண்டு கச்சான்கூடத் தாங்காமல் நின்றுபோயிற்று. “ராசியில்லாத வண்டி” என்று அங்கே பேச்சு. அப்பாவும் நானும் போனபோது அதன் அடியில் ஆடுகள் படுத்திருந்தன. முன் அச்சை விரலால் சுரண்டினேன். துரு பொரிகடலைத் தோல் மாதிரி உதிர்ந்தது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கட்டிதான் இருந்தது.

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம், வள்ளத்தை வண்டியோடு எங்கே வைத்துக் கட்டுவீர்கள் என்று கேட்டேன்.

“வள்ளத்துக்கிட்டயே போயிருவோம். இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கும்லா! அப்படி வண்டி அது,” என்றார், பழைய கெத்து குறையாமல்.

“சாயங்காலம் கழுவுவியளா அண்ணாச்சி?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கடலுக்குள்ளதான நிக்குது. பொறவு எதுக்கு அதைக் கழுவ?”

திரும்பும் வழியெல்லாம் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் எனக்குத் தெரியும், நாங்கள் வாங்கியிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். கடல் எதையும் சுத்தமாக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். காலில் முள் குத்தினாலும் கடலில் நனை என்பார்கள். யார்டிலோ, உப்புக் காற்றில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் நல்ல தண்ணீர் அடித்த பிறகுதான் அன்றைய வேலை முடியும்.

அடுத்த ஞாயிறு நான் இரண்டு விஷயம் சொன்னேன். நாம் வாங்கும் டிராக்டர் கடலில் கால் வைக்கக் கூடாது; நீளமான வடம் போட்டுக் காய்ந்த மணலில் நின்றே இழுக்க வேண்டும். தினமும் கோயில் கிணற்றுத் தண்ணீரில் அதைக் கழுவ வேண்டும்.

“எனக்கே வாரத்துக்கு ரெண்டு குளியல்தாம்ளா. டிராக்டருக்குத் தெனமுமா?” என்றார் ஒரு சம்மாட்டி.

“அது தெரியுது மச்சான். காத்து இங்கன அடிக்கையில நாங்க அங்கன தள்ளி உக்காருததே அதுக்குத்தான்,” என்றார் அப்பா. கூட்டம் அதோடு கலைந்தது. கழுவ ஒத்துக்கொண்டார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு திருச்செந்தூர் சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த விற்பனையாளர் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தே பேசினார். “எத்தனை ஏக்கர் வச்சிருக்கீங்க சார்?”

“ஏக்கர் கணக்கெல்லாம் இல்ல தம்பி. அந்தக் கடலு பூரா நம்மளதுதான்,” என்றார் அப்பா.

விற்பனையாளர் ரொட்டவேட்டர் பற்றியும், சேற்று உழவு பற்றியும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பற்றியும் நன்றாகவே விளக்கினார். எங்களுக்கு அதில் எதுவும் தேவையில்லை. எங்களுக்கு வேண்டியது மணலில் புதையாத சக்கரம், நான்கு சக்கரத்துக்கும் போகும் விசை, ஆமை மாதிரி நகரும் முதல் கியர், உறுதியான பின்கொக்கி. இதைத்தான் நான் அங்கே கற்றேன். ஒரு வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அதில் எது எனக்கு வேண்டாம் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் கேள்விகளை அடுக்க ஆரம்பித்ததும் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஆனா பீச்சுல ஓட்டினா வாரன்ட்டி வராது மேடம்,” என்று உண்மையைச் சொன்னார். நல்ல மனிதர். புதியது எங்களுக்கு எட்டாது என்பதும் அங்கேயே தெரிந்தது.

ஆகவே பழையது. பெரியப்பாவும் கூட வந்தார். “வாங்கிட்டு ஏமாந்து வந்தா சிரிக்கதுக்கு ஒரு ஆள் வேணும்லா,” என்றார்.

முதலில் பார்த்தது ஓர் ஊரணிக் கரையில் நின்ற நீல டிராக்டர். பெரியப்பா அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். “பெயின்ட்டைப் பாருளா! புது வள்ளம் கணக்கா மினுங்குது.” வள்ளத்துக்கு அது சரி. ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிற சம்மாட்டி வள்ளத்தை நன்றாகப் பார்ப்பவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் நான் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார்கள்; குளிர்ந்த எஞ்சின் எப்படி எழுந்திருக்கும் என்பதை நாங்கள் பார்த்துவிடக் கூடாது. மணிக்கணக்கு காட்டும் மீட்டர், வண்டி கொஞ்சமாகத்தான் ஓடியிருக்கிறது என்றது. கிளட்ச் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து, கீழே இரும்பு தெரிந்தது.

“மீட்டர் பொய் சொல்லும் பெரியப்பா. பெடல் பொய் சொல்லாது,” என்றேன், அவர் காதுக்குள்.

அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். பிறகு வண்டியின் சொந்தக்காரரிடம் சத்தமாக, “அண்ணாச்சி, வண்டி இந்தா இம்புட்டுதான் ஓடியிருக்குன்னு சொல்லுதிய. அப்ப இந்த ரப்பர எலியா தின்னுச்சு?” என்றார். எங்களுக்கு அங்கே காப்பி கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஸ்ரீவைகுண்டத்தில். நெல்லும் வாழையும் போடும் ஒரு விவசாயி, பெரிய வண்டி வாங்கப் போவதால் இதைக் கொடுக்கிறார். சகதி காய்ந்து ஒட்டிய, நிறம் மங்கிய டிராக்டர். பானட் ஜில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இரண்டு முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் கறுப்புப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. நீலப் புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறதென்று அப்போதே கிளம்பியிருப்பேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஸ்டியரிங்கை ஆட்டினால் சக்கரம் உடனே கேட்டது. முன் அச்சின் மண்ணைத் துடைத்தால் கீழே இரும்பு இரும்பாகவே இருந்தது. அதைத்தான் நான் பார்க்க வந்தேன். பதிவுப் புத்தகத்தில் இருந்த எண்ணை எஞ்சினில் வெட்டியிருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தபோது, விவசாயியின் மனைவியும் வீட்டுக்குள்ளிருந்து வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து, டம்ளர்களில் மோர் வந்தது. விவசாயி சாதாரணமாகத்தான் கேட்டார். “எல்லாஞ் சரி. யாரு ஓட்டப் போறா?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

“அது... யாராவது ஒரு பய ஓட்டுவாம்லா,” என்றார் பெரியப்பா.

“எந்தப் பய?” என்றேன். “வள்ளம் கரைக்கு வாரப்ப நம்ம ஆம்பளைய எல்லாரும் எங்க இருப்பாவ?”

வள்ளத்தில்தான் இருப்பார்கள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கூடிப் பேசியும் இது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வள்ளம் திரும்புகிற நேரத்தில் கரையில் காத்து நிற்பவர்கள் பெண்கள் மட்டும். கூடையும் கையுமாக நிற்பவர்கள்.

“அப்ப பொம்பளைதான் ஓட்டணும்,” என்றார் அப்பா, மோரைக் குடித்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

பஸ்ஸில் திரும்பும்போது பெரியப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

விலை பேசி முடித்த பிறகும் வண்டியை உடனே எடுக்கவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் நான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய், அறுவடை முடிந்த அவர்கள் வயலில் ஓட்டிப் பழகினேன். பழகுநர் உரிமம், பிறகு டெஸ்ட், பிறகு உரிமம். யார்டில் ஒரு டிரைவர் அண்ணன், “மேசை வேலை சலிச்சிருச்சா?” என்று கேட்டார். இல்லை, மேசை வேலையும் பிடிக்கும், இதுவும் பிடிக்கும் என்றேன்.

டிராக்டர் எங்கள் கரைக்கு வந்த ஞாயிறு, கச்சான் தொடங்க இன்னும் கொஞ்சமே இருந்தது. பூசை முடிந்து கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். டிராக்டரின் நெற்றியில் மல்லிகை மாலை. நான் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் அந்தண்டை போனதும் பெரியப்பா கையை உயர்த்தினார்.

“சரி, இனி இறக்குளா. மூணு அலை வாங்கட்டும்.”

எங்கள் கரையில் புது வள்ளம் மந்திரித்தவுடன் கடலுக்குள் தள்ளி, மூன்று அலை அதன் மேல் விழும்வரை பிடித்து நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் அது எங்களுடையது. மூன்று அலை வாங்காத வள்ளத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான் நான். ஆனால் டிராக்டருக்கும் அதைக் கேட்பார்கள் என்று யோசிக்கவேயில்லை.

“இது கடல்ல இறங்காது பெரியப்பா. முன்னாடியே சொன்னேன்லா.”

“தெனமும் இறங்கவா சொன்னேன்? இன்னைக்கு ஒரு நாள். மூணே மூணு அலை.”

“ஒரு நாள் இறங்கினா, கச்சான்ல அவசரத்துக்கு இன்னொரு நாள் இறங்கும். அப்புறம் தெனமும் இறங்கும். தெக்க ஒண்ணு ஆட்டுத் தொழுவமா கெடக்குல்லா, அதுவும் இப்படித்தான் இறங்கியிருக்கும்.”

பெரியப்பாவின் முகம் இறுகிவிட்டது. “அப்படின்னா கேட்டுக்கோ. அலை வாங்காத ஒண்ணுல என் வள்ளத்தைக் கட்ட மாட்டேன்.”

சம்மாட்டிமார் மணலைப் பார்த்தார்கள். அவர் கட்டாவிட்டால் இவர்களும் கட்ட மாட்டார்கள். சாவியைத் திருப்பிக் கடலுக்குள் ஓட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டால் போகிறது. ஆனால் பழக்கத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஏலம் கேட்டுப் பழகிய குரல்.

“அத்தான், நான் ஒண்ணு கேக்கேன். வள்ளத்துக்குக் கடல்ல வாழ்க்கை, அது அலை வாங்குது. இதுக்குக் கரையில வாழ்க்கை. கடலுக்குள்ள போறது எது? அந்த வடம்தான? அது வாங்கட்டும் மூணு அலையை. வண்டியத்தான் முக்கணும்னா, மொதல்ல இங்கன மந்திரிச்ச வீடு, சைக்கிளு, தையல் மெஷினு எல்லாத்தையும் கொண்டாந்து முக்குங்க. நானும் ஒரு கை பிடிக்கேன்.”

“எக்கா, உன் கிரைண்டரையும் தூக்கிட்டு வரட்டா?” என்றாள் சித்தி. முதலில் பெண்கள்தான் சிரித்தார்கள். பிறகு சம்மாட்டிமாரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை யாரும் பெரியப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா காத்திருக்கவில்லை. புது வடத்தின் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குள் நடந்தார். ஓர் அலை. இரண்டாவது பெரியது, அவரையே மூடி எடுத்தது. மூன்றாவதற்கு அவர் நனைந்த தலையோடு எழுந்து நின்று, வடத்தைக் கையில் உயர்த்திப் பிடித்தார். பிறகு கரையோரம் மிதந்த பெரியப்பாவின் வள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். கட்டவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீருக்குள் இறங்கி, தம்பி கையிலிருந்து வடத்தை வாங்கி, தானே முடிச்சுப் போட்டார். யாரையும் பார்க்கவில்லை.

டயர்களில் காற்றை முன்பே குறைத்து வைத்திருந்தேன், மணலில் அகலமாகப் படிய வேண்டும் என்று. முதல் கியர். வடம் மணலிலிருந்து எழுந்து விறைத்தது, தண்ணீர்த்துளிகள் தெறித்தன. பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. காலைச் சற்றுத் தளர்த்தி மறுபடி கொடுத்தேன். வள்ளம் அசைந்தது. உருட்டுக்கட்டைகள் மேல் ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன்: பெரியப்பா வள்ளத்தின் பக்கவாட்டில் தோளை வைத்து, முக்கி முக்கித் தள்ளிக்கொண்டே வந்தார். தள்ளத் தேவையேயில்லை. அவர் தோளுக்கு அது தெரியவில்லை.

இந்தக் கச்சானில் எங்கள் கரையில் ஒரு வள்ளமும் உடையவில்லை. துறைமுகத்துக்குப் போன இரண்டில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. கடைசியாகக் கரையேறும் வள்ளத்தின் ஆட்கள் டிராக்டரைக் கழுவ வேண்டும் என்பது இப்போது ஏற்பாடு. அதனால் கடைசியாக வர யாருக்கும் விருப்பமில்லை. எல்லாரும் முந்துகிறார்கள், ஏலமும் நேரத்துக்குத் தொடங்குகிறது. அம்மா போன வாரம் ஒரு முழுக் கூடை ஊளி மீன் எடுத்தாள்.

ஒரே ஒரு குறை. விடியற்காலையில் வள்ளங்களை ஏற்றிவிட்டுத்தான் நான் யார்டு பஸ்ஸைப் பிடிக்கிறேன்; ஆனால் வள்ளங்கள் அந்த பஸ்ஸைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மீன் பாடு நன்றாக இருந்த ஒரு நாள் தாமதமாக வந்திருக்கிறார்கள். நான் அதற்குள் வேலைக்குப் போய்விட்டேன். டிராக்டர் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி சும்மா நிற்க, அப்பாவும் மற்றவர்களும் பழையபடி தோள் கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் அப்பா தோளுக்கு அம்மா ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்தேன். ஒரு கரை ஒரே ஒரு ஓட்டுநரை நம்பி இருக்க முடியாது.

போன புதன்கிழமை விடுப்புப் போட்டு, சித்தியைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய்ப் பழகுநர் உரிமம் வாங்கி வந்துவிட்டேன். போட்டோ எடுக்கும்போது, “ஏளா, கூடைக்காரி மாதிரி விழுந்திரப் போவுது, பவுடர் இருக்கா?” என்று கேட்டாள். இன்று காலை வள்ளங்கள் வருவதற்கு முன், காய்ந்த மணலில் அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சேலையை இழுத்துச் செருகி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் மட்கார்டில் தொற்றிக்கொண்டு, கிளட்சை மெதுவாக விடச் சொன்னேன்.